மொட்டைப் பாறையில் திரும்பி வந்த கெல்ப் காடு: கோட் ஐலண்ட் நிகழ்வு ஆய்வு

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், ஆக்லாந்திலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் காரில் போனால் லீ என்ற சிற்றூர் வரும். அதைத் தாண்டிச் சற்று தூரம் போனால் கோட் ஐலண்ட். தீவு என்று பெயர்தானே தவிர, கரையை ஒட்டி நிற்கும் ஒரு பாறைத் திட்டு அவ்வளவே. நன்றாக நீந்தத் தெரிந்தவர் கடற்கரையிலிருந்து நீந்தியே போய்விடலாம். மாவோரி மக்கள் இதை டே ஹாவெரே அ மாக்கி என்கிறார்கள். ஙாத்தி மனுஹிரி என்ற பழங்குடிக்கு இந்தக் கரையோடு பல தலைமுறை உறவு.

மிதவெப்பக் கடலில் கெல்ப் என்ற பெரிய பழுப்புக் கடற்பாசியின் காடு எப்படி அழிகிறது, எப்படித் திரும்புகிறது என்று கேட்டால் ஆய்வாளர்கள் முதலில் காட்டும் இடங்களில் இந்தத் திட்டும் ஒன்று. காரணம் எளிது. இங்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் 1962 முதல் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறது. மீன்பிடித் தடை வருவதற்கு முன்பும் பார்த்தது, பின்பும் பார்த்தது. உலகத்தில் பெரும்பாலான இடங்களில் இந்த ‘முன்பு’ என்பதற்கான பதிவே கிடையாது.

மூன்று பட்டைகள்

கெல்ப் காடு என்றதும் பலர் மனதில் வருவது கலிஃபோர்னியாவின் ராட்சதக் கெல்ப்தான். முப்பது மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து நீர்ப்பரப்பில் படரும் அந்த இனத்துக்கு இடையில் புகுந்து போவது ஒருவித டைவிங். கோட் ஐலண்டில் இருப்பது எக்லோனியா. ஒரு மீட்டர் சொச்சம் உயரத்துக்கு ஒற்றைத் தண்டு, அதன் உச்சியில் சொரசொரப்பான பழுப்பு இலைகள் குடைபோல விரிந்திருக்கும். மிதப்பதற்குக் காற்றுப் பைகள் இல்லாததால் அது மேற்பரப்புக்கு வருவதே இல்லை. அதனால் இங்கே டைவ் செய்கிறவர் காட்டுக்குள் போவதைவிடக் காட்டின் மேலேதான் அதிக நேரம் போகிறார். சிலிண்டரில் பாசி சுற்றிக்கொள்ளும் என்ற பயமும் இங்கே குறைவு.

இந்தக் கரையோரப் பாறைகளில் இறங்கினால் வழக்கமாக மூன்று பட்டைகளைக் கடக்க வேண்டியிருக்கும். முதல் இரண்டு மூன்று மீட்டருக்கு அலை அடிக்கும் பகுதி. அங்கே கார்போஃபில்லம் என்ற நாடா போன்ற பாசி, அலையோடு முன்னும் பின்னும் புரண்டுகொண்டிருக்கும். ஏறக்குறைய பத்து மீட்டருக்குக் கீழே எக்லோனியா காடு. இரண்டுக்கும் நடுவில், சுமார் மூன்று முதல் ஒன்பது மீட்டர் ஆழத்தில் இருக்கிறதே, அதுதான் இந்த ஆய்வின் மையம்.

மீன்பிடி நடக்கும் இடங்களில் அந்த நடுப்பட்டை பெரும்பாலும் மொட்டையாகக் கிடக்கும். பாறையின் மேல் இளஞ்சிவப்பில் சுண்ணாம்புப் பாசி ஒட்டியிருக்கும், அதன்மேல் கினா என்ற, உடம்பெல்லாம் முள் நிறைந்த உருண்டையான கடல் முள்ளெலிகள் கையளவு இடைவெளியில் பரவிக் கிடக்கும். வேறொன்றும் பெரிதாக இருக்காது. வெளிச்சம் நன்றாக விழும் ஆழம் அது. பாசி வளர அதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் வளரவில்லை. மேல்பட்டை தப்பிப்பதற்குக் காரணம் அலை. அந்த ஆட்டத்தில் கினாவால் பாறையைப் பிடித்துக்கொண்டு மேய முடியாது.

சாதாரணம் என்று நினைத்தது

1978ல் இந்தப் பகுதியின் கடலடி வாழிடங்களை விரிவாக அளந்து வரைபடம் போட்டார்கள். கினா மேய்ந்து மொட்டையாக்கிய பாறை அதில் கணிசமான பரப்பைப் பிடித்திருந்தது. அதை யாரும் நோய் என்று பார்க்கவில்லை என்பதுதான் இங்கே முக்கியம். இந்தக் கடலின் அமைப்பே இப்படி, ஆழத்துக்கு ஆழம் ஒரு பட்டை, நடுவில் கினாவின் பட்டை என்றே பாடமும் இருந்தது. பார்த்தவர்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டிருக்கவில்லை. அவர்கள் தண்ணீருக்குள் இறங்கத் தொடங்கிய காலத்துக்கு முன்பே பெரிய மீன்களும் பெரிய சிங்கி இறால்களும் வெகுவாகப் பிடிக்கப்பட்டுவிட்டன. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு மறுபக்கம் அவர்களிடம் இல்லை.

ஸ்கூபா கருவிகள் பரவலாகக் கைக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான். தூண்டிலும் வலையும் கூண்டும் அதற்கு வெகு முன்பே கடலில் இறங்கிவிட்டன. டைவ் செய்கிறவர்கள் ‘பழைய நாளில்’ என்று சொல்லும்போதெல்லாம் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. நம்முடைய பழைய நாள், கடலுக்கு ஏற்கெனவே பிந்தைய நாள்.

தடை வந்த விதம்

1960களின் நடுவில் ஆக்லாந்து பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் வாலன்டைன் சாப்மன் இங்கே ஒரு கடல் காப்பகம் வேண்டும் என்று முன்வைத்தார். ஆய்வகத்தின் முன்னால் உள்ள பாறையில் ஒரு சோதனையை அமைத்துவிட்டு அடுத்த வாரம் வந்து பார்த்தால், சோதனைக்கு வைத்த உயிரினத்தை யாராவது சட்டிக்கு எடுத்துப் போயிருப்பார்கள். அந்தத் தொல்லை தீர வேண்டும் என்பதுதான் நடைமுறைக் காரணம். அப்படி மூடுவதற்கு நாட்டில் சட்டமே இல்லை. 1971ல் கடல் காப்பகங்கள் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் நோக்கமும் அறிவியல் ஆய்வு என்றே எழுதப்பட்டது. மீன்வளத்தைப் பெருக்குவது பற்றியோ கெல்ப்பை மீட்பது பற்றியோ அப்போது யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

ஆய்வகத்தின் முதல் இயக்குநர் பில் பாலன்டைன் இதற்காக ஆண்டுக்கணக்கில் மன்றாடினார். எதிர்ப்பும் இருந்தது. 1975ல் கேப் ரோட்னி–ஒகாகாரி பாயின்ட் கடல் காப்பகம் அறிவிக்கப்பட்டது. நாட்டின் முதல் கடல் காப்பகம் அது. சுமார் ஐந்து கிலோமீட்டர் கரை, அதிலிருந்து 800 மீட்டர் கடலுக்குள், மொத்தம் ஐந்தரை சதுர கிலோமீட்டர் அளவு. அதற்குள் எதையும் பிடிக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. இனி அங்கே போய் என்னதான் செய்வது என்று அந்தப் பகுதியில் குறைப்பட்டுக்கொண்டார்கள். இன்று அந்தச் சின்னக் கடற்கரைக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வருகிறார்கள், கோடை விடுமுறையில் காரை நிறுத்த இடம் கிடைப்பதில்லை.

என்ன நடந்தது

முதலில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. இந்த நிகழ்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவசரமாகத் தாண்டிப் போவது இந்தப் பகுதியைத்தான். மீன்பிடித்தலை நிறுத்திய மறு ஆண்டே பாசி முளைத்துவிடவில்லை. ஸ்னாப்பர் மெதுவாக வளரும் மீன், அறுபது ஆண்டு வரைகூட உயிர் வாழும். சிங்கி இறாலும் அப்படித்தான், கினாவை உடைத்துத் தின்னும் அளவுக்கு வளர அதற்குப் பல ஆண்டு வேண்டும். இந்த இரண்டும் எண்ணிக்கையிலும் உருவத்திலும் பெருக வேண்டும், அப்புறம் கினா குறைய வேண்டும், அதற்குப் பிறகுதான் கெல்ப். காடு திரும்பியிருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல 1990கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ரஸ் பாப்காக்கும் உடன் ஆய்வாளர்களும் 1999ல் வெளியிட்ட கணக்கு இது. காப்பகத்துக்கு உள்ளே ஸ்னாப்பர் வெளியில் இருப்பதைவிட 5.75 முதல் 8.7 மடங்கு அதிகம். சிங்கி இறால் 1.6 முதல் 3.7 மடங்கு. லீ காப்பகத்தில், அதாவது கோட் ஐலண்ட் காப்பகத்தில், 1978ல் சதுர மீட்டருக்கு 4.9 என்று இருந்த கினாவின் அடர்த்தி 1.4 ஆக இறங்கியிருந்தது. பாசி வளரக்கூடிய பாறைப் பரப்பில் மொட்டைப் பகுதி, காப்பகங்களுக்குள் 14 சதவீதம். வெளியே 40 சதவீதம். இந்த ஒப்பீட்டில் லீ மட்டும் இல்லை. கொஞ்சம் தெற்கே, 1981 முதல் மீன்பிடிக்கு மூடப்பட்ட தாஃபரானுயியும் சேர்ந்திருக்கிறது. 2006ல் காப்பகத்தின் வாழிடங்களை மறுபடி வரைந்து 1978 வரைபடத்தோடு வைத்துப் பார்த்தபோது, மொட்டைப் பட்டை கிட்டத்தட்ட காணாமலே போயிருந்தது.

எண்கள் ஒத்துப்போவது மட்டும் போதாது, காரணம் நிரூபணமாக வேண்டும். அதற்குச் செய்த சோதனைகள் எனக்கு மிகவும் பிடித்தவை, ஏனென்றால் எல்லாமே சாதாரண ஸ்கூபா வேலை. ஒரு சோதனையில் கினாக்களை நூலில் கட்டிப் பாறையில் விட்டார்கள். சில நாள் கழித்துப் போய் எது பிழைத்தது, எது போனது, போனதன் ஓடு எப்படி உடைந்திருக்கிறது என்று பார்த்தார்கள். ஸ்னாப்பர் தாடையால் நொறுக்கும். சிங்கி இறால் கினாவைப் புரட்டி, வாய் இருக்கும் அடிப்பக்கத்திலிருந்து பிரித்துத் தின்னும், ஓட்டின் பெரும்பகுதி அப்படியே கிடக்கும். காப்பகத்துக்குள் கினா இரையாவது வெளியில் இருப்பதைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு. இன்னொரு சோதனையில் மொட்டைப் பாறையிலிருந்து கினாக்களை மட்டும் அகற்றிவிட்டார்கள். ஓராண்டுக்குள் அங்கே பெரிய பாசிகள் முளைத்துவிட்டன. ஆக, பாறையில் கோளாறு இல்லை, தண்ணீரிலும் இல்லை. விதை மாதிரி வந்து விழும் பாசியின் வித்துகளுக்கும் பஞ்சமில்லை. முளைத்ததைத் தின்ன வாய்கள் அதிகமாக இருந்ததுதான் சிக்கல்.

மொட்டைப் பாறையில் தின்ன ஒன்றும் இல்லையே, கினா பட்டினியில் சாகாதா என்று கேட்கலாம். சாகாது. ஒட்டிய பாசியைச் சுரண்டியும், அலை கொண்டுவரும் இலைத் துண்டுகளைப் பிடித்தும் அது பல்லாண்டு தாக்குப்பிடிக்கும். உடைத்துப் பார்த்தால் உள்ளே சினைப்பகுதி மெலிந்து நிறம் மங்கியிருக்கும், கினா எடுக்கிறவர்கள் அப்படிப்பட்ட இடத்தைத் தொடுவதில்லை. எனவே மொட்டைப் பாறை ஒருமுறை உருவாகிவிட்டால் தன்னைத் தானே தக்கவைத்துக்கொள்ளும்.

காப்பகத்துக்குள் கினா இல்லாமல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். இருக்கிறது, ஒளிந்திருக்கிறது. சின்னவை கல்லுக்கு அடியிலும் வெடிப்பிலும் இருக்கும். வெளியே வரும் வயதில்தான் ஆபத்து, பெரும்பாலானவை அந்தக் கட்டத்தைத் தாண்டுவதில்லை.

எண்ணுவதில் இருந்த சிக்கல்

டைவ் செய்கிறவர்களுக்கு இந்த ஆய்வில் மிகவும் சுவாரசியமான பகுதி இது என்பேன். ஸ்னாப்பரை எப்படி எண்ணுவது? வழக்கமான முறையில், அளவு நாடாவை விரித்துக்கொண்டே நீந்தி இருபுறமும் தெரியும் மீன்களைப் பலகையில் குறித்துக்கொள்வார்கள். வெளிப்பகுதியில் ஸ்னாப்பருக்கு மனிதன் என்றாலே பயம். குமிழிச் சத்தம் கேட்டதுமே விலகிப் போய்விடும். காப்பகத்துக்குள் அது நேர் எதிர். பெரிய ஸ்னாப்பர் முகத்துக்கு முன்னால் வந்து நின்று மாஸ்க்குக்குள் எட்டிப் பார்க்கும், ஃபின் கிளப்பும் மண்ணில் ஏதாவது கிடைக்குமா என்று பின்னாலேயே வரும். ஒரு காலத்தில் பார்வையாளர்கள் மீன்களுக்குத் தீனி போட்டுப் பழக்கியதும் இதற்கு ஒரு காரணம். இப்போது தீனி போட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

இந்த நிலையில் டைவர் எண்ணிக் கொண்டுவரும் கணக்கு, உள்ளே இருப்பதைக் கூட்டியும் வெளியே இருப்பதைக் குறைத்தும் காட்டும். வித்தியாசம் மீனுடையதா, மீனின் துணிச்சலுடையதா என்று பிரிக்க முடியாது. அதனால் மனிதனை வெளியே எடுத்துவிட்டார்கள். இரையோடு ஒரு வீடியோ கேமராவை அடியில் இறக்கி, ஒரே சமயத்தில் சட்டகத்துக்குள் அதிகபட்சம் எத்தனை மீன் தெரிகிறது என்று எண்ணினார்கள். லீ, தாஃபரானுயி, ஹாஹேய் ஆகிய மூன்று காப்பகங்களில் இப்படிச் செய்த ஆய்வு 2003ல் வெளிவந்தது. பிடிக்க அனுமதியுள்ள அளவுக்கு வளர்ந்த ஸ்னாப்பர் உள்ளே 14 மடங்கு அதிகம் என்று அது காட்டியது. மனிதனை விலக்கினால் வித்தியாசம் சுருங்கிவிடும் என்று எதிர்பார்த்தவர்களுக்கு இது நல்ல பதில்.

எதிர்வாதங்கள்

கெல்ப் தானாகவே ஏறி இறங்கும் பாசி, காப்பகத்தைப் பாராட்டுவானேன் என்ற கேள்வி நியாயமானது. கோட் ஐலண்டிலேயே அதற்கு ஆதாரம் உண்டு. 1990களின் தொடக்கத்தில் இங்கே எக்லோனியா கூட்டம் கூட்டமாக மடிந்தது. கினா மேய்ந்து நடந்தது அல்ல அது. கலங்கிய நீரால் வெளிச்சம் குறைந்தது ஒரு காரணமாகவும், வைரஸ் போன்ற துகள்கள் இன்னொரு காரணமாகவும் பேசப்பட்டன. சில ஆண்டுகளில் காடு மறுபடி எழுந்தது. அந்த ஆண்டு மட்டும் ஒருவர் இறங்கிப் பார்த்திருந்தால் காப்பகம் தோற்றுவிட்டது என்று எழுதியிருப்பார். ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மடிந்த காடு எழுந்துவிட்டது, மேய்ந்த பாறையோ கினா போகும்வரை எழவில்லை. இரண்டும் ஒரே வகை இழப்பு அல்ல.

இன்னொரு வாதம், ஓரிடத்தில் நடந்ததை எல்லா இடத்துக்கும் பொருத்த முடியாது என்பது. அதை நான் ஒப்புக்கொள்கிறேன். நியூசிலாந்தின் எல்லாக் கரைகளிலும் கினா இப்படி மொட்டையடிப்பதில்லை. அலை, வண்டல், வெப்பநிலை எல்லாம் சேர்ந்துதான் எந்தப் பாறை மொட்டையாகும் என்று தீர்மானிக்கின்றன. வடகிழக்குக் கரையில் இப்போது நீண்ட முள் கொண்ட இன்னொரு கடல் முள்ளெலி இனமும் பெருகிவருகிறது. கினாவுக்கு வேலை செய்த மருந்து அதற்கும் வேலை செய்யும் என்று இந்த நிகழ்வை வைத்து உறுதி சொல்ல முடியாது.

காப்பகத்தால் வெளியே இருக்கிறவர்களுக்கு என்ன லாபம் என்று மீன்பிடிக்கிறவர்கள் கேட்பதுண்டு. 2017ல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு அதற்குப் பதில் தேடியது. காப்பகத்தின் பெரிய ஸ்னாப்பர்களையும், சுற்றியுள்ள ஏறக்குறைய 400 சதுர கிலோமீட்டரில் புதிதாக வந்து சேர்ந்த குஞ்சுகளையும் ஒப்பிட்டார்கள். குஞ்சுகளில் சுமார் 10.6 சதவீதம் காப்பகத்து மீன்களின் வாரிசு. 40 கிலோமீட்டர் தள்ளிப் போனாலும் அந்தப் பங்கு குறையவில்லை. ஐந்து சதுர கிலோமீட்டர் சொச்சம் இடத்திலிருந்து இவ்வளவு என்பது யாரும் எதிர்பார்க்காத அளவு.

இன்று அங்கே இறங்கினால்

தண்ணீர் குளிர்காலத்தில் 14 டிகிரி அளவிலும் கோடை முடிவில் 21 டிகிரி அளவிலும் இருக்கும். தடித்த வெட்சூட் வேண்டும். தடித்த சூட் ஆழத்தில் நசுங்கி மிதப்பைக் குறைக்கும் என்பதால், மேலே சரியாக இருந்த எடை கீழே பாரமாகத் தெரியும். மிதப்பைச் சரிசெய்யாமல் விட்டால் கெல்ப்பின் மேல் படுத்துவிடுவீர்கள். வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ காற்று அடித்த அடுத்த நாட்களில் எதுவும் தெரியாது. அப்போது போகாமல் இருப்பதே மேல்.

தீவுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள கால்வாய் ஆழமற்றது. ஸ்நார்க்கெலோடு வருகிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள், பெரிய ஸ்னாப்பரும் நீல மாவோமாவோ மீன் கூட்டமும் அங்கேயே கிடைத்துவிடும். ஆனால் இந்த ஆய்வு பேசும் மாற்றத்தைப் பார்க்க வேண்டுமானால் ஐந்து ஆறு மீட்டர் ஆழத்தில் பாறையை ஒட்டியே சுற்ற வேண்டும். அலை இழுக்கும்போது எதிர்த்து உதைக்காமல் அதோடு போய், திரும்பி விடும்போது முன்னேறுவதுதான் முறை. கெல்ப் தண்டைப் பிடித்துத் தொங்க வேண்டாம், வேரோடு பெயர்ந்து வந்துவிடும். பாறையைப் பிடிக்கும் முன் அங்கே கினா உட்கார்ந்திருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்பது விரலுக்கு நல்லது.

இலைகளை மெல்ல விலக்கிக் கீழே பார்த்தால் வெளிச்சம் சட்டென்று குறையும். தண்டுகளுக்கு நடுவில் ஆரஞ்சு, மஞ்சள் நிறக் கடற்பஞ்சுகள். தண்டைப் பிடித்திருக்கும் வேர்ப்பிடிப்பின் இடுக்குகளில் சிறு நண்டும் நத்தையும். வெடிப்புக்குள் டார்ச் அடித்தால் முதலில் தெரிவது சிங்கி இறாலின் நீண்ட கொம்புகள், அப்புறம்தான் உடம்பு. சிவப்பு மோக்கி மீன் பாசிக்குள் மூக்கை நுழைத்து இரை தேடும். மணல் திட்டில் திருக்கை ஒன்று புதைந்து கிடக்கலாம். இதைப் பார்த்துவிட்டு, முடிந்தால், காப்பக எல்லைக்கு வெளியே அதே ஆழத்தில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். மொட்டைப் பாறை 14 சதவீதமாக இருப்பதற்கும் 40 சதவீதமாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அப்போதுதான் புரியும்.

இறாலின் எல்லை

எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்று எழுதினால் அது பாதி உண்மைதான். சிங்கி இறால் பாறையிலேயே இருக்கும் பிராணி அல்ல. ஆண்டின் சில பருவங்களில் அது பாறையை விட்டு ஆழமான மணல் பகுதிக்கு நடந்து போகும். 800 மீட்டர் என்பது காகிதத்தில் போட்ட கோடு, இறால் அதைத் தாண்டிப் போகிறது. கோட்டை ஒட்டியே கூண்டுகள் காத்திருக்கின்றன. உள்ளே வளர்த்து வெளியே பிடிப்பதுபோல் ஆகிவிட்டது. 1990களில் நல்ல எண்ணிக்கையில் இருந்த சிங்கி இறால் பிற்பாடு காப்பகத்துக்குள்ளேயே வெகுவாகக் குறைந்தது. எல்லைக்கு வெளியே பிடிப்பு அதிகமாக அதிகமாக உள்ளேயும் சரிந்தது.

பாலன்டைன் 2015ல் காலமானார். கடல் காப்பகங்கள் பெரிதாக இருக்க வேண்டும், ஒன்றிரண்டாக இல்லாமல் வலைப்பின்னலாக இருக்க வேண்டும் என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். 1975ல் கிடைத்ததை வாங்கிக்கொண்டார்கள். இறால் எவ்வளவு தூரம் நடக்கும் என்று பார்த்துப் போட்ட எல்லை அல்ல அது.

கோட் ஐலண்டையும் உள்ளடக்கிய ஹௌராகி வளைகுடாவுக்காக 2025ல் நிறைவேறிய பாதுகாப்புச் சட்டம் இந்தக் காப்பகத்தின் வெளி எல்லையைக் கடல் பக்கம் தள்ளி வைக்கிறது. இறால் நடந்து போகும் மணல் பகுதியில் கூடுதலான பங்கு இனி உள்ளே வரும். அது போதுமா என்பதை முதலில் வெடிப்புகளுக்குள் டார்ச் அடித்து எண்ணித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கெல்ப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று இருந்தால், முதல் தடவை ஆனதைப்போல அதற்குப் பதினைந்து இருபது ஆண்டு ஆகும்.